‘என்னால் முடியாது’ என்று தோன்றும் ஊழியப் பொறுப்பை ஆண்டவரை நம்பி ஏற்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து வண்டியை எடுக்கப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் கேட்பார்கள். “தம்பி, இந்த மே மாசம் விபிஎஸ் பொறுப்பை நீங்க எடுத்துக்கோங்களேன்.” (விபிஎஸ் என்றால் பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி.) “அக்கா, ஆஸ்பத்திரி சந்திப்புக்கு உங்களைப் போடலாம்னு இருக்கோம்.” வயிற்றைப் பிசையும். ‘ஜெபிச்சிட்டுச் சொல்றேன்’ என்று வாய் சொல்லிவிடும். அதற்கப்புறம் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தருவதில்லை.

சென்னைச் சபைகளில் புதிதாகப் பொறுப்பெடுப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறவன் நான். திறமை போதாமல் திணறுகிறவர்களை அதிகம் பார்த்ததில்லை. படிகளை மாற்றிப் போட்டுத் திணறுகிறவர்கள்தான் நிறைய. முதலில் சரி என்று சொல்லிவிடுவார்கள். பிறகு பயப்படுவார்கள். முந்தின ராத்திரி ஜெபிப்பார்கள். எல்லாவற்றையும் தனியாகச் சுமந்துவிட்டு, முடிந்ததும் சபைப் பக்கமே கொஞ்ச நாள் தலைகாட்ட மாட்டார்கள்.

கீழே உள்ள வரிசை விபிஎஸ், ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, வீட்டு ஜெபக்கூட்டம், முதல் பிரசங்கம் எதற்கும் பொருந்தும். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது வேறு விஷயம். அதற்கு இன்னும் நீண்ட காலமும் மூத்தவர்களின் ஆலோசனையும் வேண்டும். இதை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு வார அவகாசம், உங்களிடம் முகத்துக்கு நேரே பேசக்கூடிய இரண்டு பேர், தனியாக உட்கார ஓர் இடம். போனில் குறித்துக்கொண்டால் போதாதா என்பார்கள். போனைத் திறந்த உடனே சபை வாட்ஸ்அப் குழு கண்ணில் படும், அத்தோடு யோசனை போய்விடும்.

நம் ஊரில் கஷ்டம் அந்த இடம்தான். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மாமியார், பிள்ளைகள், டிவி. விடிகாலையில் மொட்டை மாடி நன்றாக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் முக்கால் மணி நேரம் கிடைக்கும். வேலை நாள் காலையில் பரங்கிமலையோ சைதாப்பேட்டைச் சின்னமலையோ அவ்வளவு கூட்டமில்லாமல் இருக்கும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால், கடற்கரை வரும்வரை அதுவும் ஒரு ஜெப அறைதான்.

1. கேட்ட இடத்திலேயே பதில் சொல்லாதீர்கள்

‘முடியாது’ என்றும் வேண்டாம், ‘கண்டிப்பாக’ என்றும் வேண்டாம். “அடுத்த ஞாயிறு சொல்கிறேன் பாஸ்டர்” என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். நாள் குறிக்காமல் சொல்லும் ‘ஜெபிக்கிறேன்’ நம் சபைகளில் ‘இல்லை’ என்பதற்கு மரியாதையான பெயராகிவிட்டது. கேட்டவரும் அப்படியே எடுத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடப் போய்விடுவார்.

அவகாசம் எதற்கென்றால், முதல் மணி நேரத்தில் பேசுவது பயமோ கூச்சமோதான். சிலருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருக்கும். மூன்றும் அடங்கிய பிறகுதான் மற்றது காதில் விழும்.

2. இது அழைப்பா, வெறும் காலியிடமா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் மிகவும் வாடுகிறார்கள். தேவன் அழைத்ததற்கு அவரை நம்பலாம். கமிட்டியில் ஆள் கிடைக்காமல் உங்கள் தலையில் கட்டியதற்கும் அவர் உதவி செய்வார்தான். ஆனால் முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. யாரும் கேட்பதற்கு முன்பே இந்த வேலையைப் பற்றி மனதில் ஒரு பாரம் இருந்ததா? உங்களை நன்றாக அறிந்த இரண்டு பேர், நீங்கள் தூண்டாமல், ‘ஆமாம், உனக்கு இது சரி’ என்கிறார்களா? அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் பர்னபாவையும் சவுலையும் (பிற்பாடு பவுல்) பரிசுத்த ஆவியானவர் பிரித்தெடுக்கச் சொன்னது தனி அறையில் இருந்த அவர்கள் காதில் மட்டும் விழவில்லை. சபையாக உபவாசித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. சபைதான் கைவைத்து அனுப்பியது.

வீட்டில் கேட்டீர்களா? மனைவிக்கோ கணவருக்கோ மனமில்லாமல் எடுத்த பொறுப்பு சனிக்கிழமை சாயங்காலம்தோறும் சண்டையில் முடியும்.

விசுவாசத்துக்கு வந்து சில மாதங்களே ஆனவர் என்றால் ஒரு எச்சரிக்கை. சபையின் கண்காணிப்புப் பொறுப்புக்கு வருகிறவன் புதிய சீஷனாக இருக்கக்கூடாது என்று 1 தீமோத்தேயு 3:6 சொல்கிறது. நாற்காலி அடுக்குவது, பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். தலைமைப் பொறுப்பு காத்திருக்கட்டும்.

‘தகுதியில்லை என்று தோன்றுகிறது, ஆகவே இது அழைப்பில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிதியோன் தன் தகப்பன் வீட்டில் எல்லாரிலும் சிறியவன் என்றான். எரேமியா நான் சிறுபிள்ளை என்றான். அப்படித் தோன்றியதை இருவர் விஷயத்திலும் தேவன் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பக்கம், தகுதியில்லை என்று தோன்றுவதாலேயே அது அழைப்பாகிவிடாது. பயம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லாது.

3. எது முடியாது என்று பிரித்து எழுதுங்கள்

‘என்னால் முடியாது’ என்பதை அப்படியே வைத்து ஜெபித்தால் ஜெபமும் புகைமூட்டமாகத்தான் இருக்கும். நோட்டை எடுத்து, எது எது முடியாது என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள்.

இஸ்ரவேலரை எகிப்திலிருந்து மீட்டுவரத் தேவன் அழைத்தபோது மோசே செய்தது கிட்டத்தட்ட இதுதான். யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களில் அவன் ஒரே ஆட்சேபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. ‘நான் எம்மாத்திரம்’ என்றான். உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் என்ன சொல்ல என்றான். நம்பமாட்டார்களே என்றான். நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்றான். கடைசியில், வேறு யாரையாவது அனுப்பும் என்றான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதில் கிடைத்தது: ‘நான் உன்னோடே இருப்பேன்’ என்ற வாக்கு, தம்முடைய நாமம், கோல் பாம்பாகும் அடையாளம், வாயை உண்டாக்கினவர் யார் என்ற கேள்வி, அப்புறம் அண்ணன் ஆரோன். கடைசி ஆட்சேபத்துக்குத் தேவனுக்குக் கோபம் வந்தது என்பதையும் மறக்கவேண்டாம்.

அந்த உரையாடல் முழுவதிலும் ‘மோசே, நீ திறமைசாலி, உன்னால் முடியும்’ என்று தேவன் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. நம்மைத் தேற்ற வருகிற நண்பர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

விபிஎஸ் பொறுப்பு வந்த ஒரு தம்பி, ஓஎம்ஆரில் ஐடி வேலை, எழுதிய பக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

பிள்ளைகள் கூச்சல் போட்டால் அடக்கத் தெரியாது. 
பத்து நாள் லீவு கிடைக்காது. 
பட்ஜெட் போட்டதில்லை. 
எனக்குப் பாட வராது. 
சபைக்கே வராத வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் மனதில் எதுவும் பதியுமா என்று தெரியாது.

அடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். கற்றுக்கொள்ளக்கூடியதற்கு ‘க’. வேறொருவர் செய்யக்கூடியதற்கு ‘வே’. தேவன் மட்டுமே செய்யக்கூடியதற்கு ‘தே’. அந்தப் பட்டியலில் பட்ஜெட்டும் கூச்சலும் ‘க’. பாட்டு ‘வே’. லீவு பாதி ‘வே’: காலை நேரத்தை ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் விட்டால் தீர்ந்தது. கடைசி வரி மட்டும் ‘தே’.

புதியவர்கள் இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் ‘தே’ போட்டுவிட்டு, பட்ஜெட்டும் பரலோகத்திலிருந்து வரும் என்று காத்திருப்பார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் ‘க’ போட்டு, பிள்ளையின் மனந்திரும்புதலையும் தங்கள் முயற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இந்த இரண்டாவது வகையினர்தான் சீக்கிரம் உடைந்துபோகிறார்கள். பார்வைக்கு ரொம்பப் பொறுப்பானவர்களாக இருப்பதால் யாரும் அவர்களைத் தடுப்பதும் இல்லை.

‘க’ வரிகளுக்கு எதிரே, அதை யாரிடம் எப்போது கற்பீர்கள் என்று எழுதினால்தான் இந்தப் படி முடியும்.

4. கையில் இருப்பதை எழுதுங்கள்

அடுத்த பக்கம். ‘உன் கையிலிருக்கிறது என்ன’ என்று மோசேயிடம் கேட்டபோது இருந்தது ஒரு மேய்ப்பன் கோல். இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த அன்று ஒரு பையனிடம் இருந்தது ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும். உங்களிடம் எக்ஸெல் தெரிந்த மூளை இருக்கலாம், ஒரு ஸ்கூட்டி இருக்கலாம், எதிர்வீட்டுப் பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிந்திருக்கலாம். அற்பமாகத் தோன்றுவதையும் எழுதுங்கள்.

முந்தையதற்குப் பிறகு இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. இல்லாததை எழுதாமல், இருப்பதை மட்டும் எழுதினால் அது சுயவிளம்பரமாகிவிடும்.

யூடியூபில் பார்க்கும் பெரிய பிரசங்கியாரின் தொண்டையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். முதல்முறை செய்தி கொடுக்கும் பையன்கள் அவர் மாதிரியே இழுத்துப் பேசி, அவர் மாதிரியே கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார்கள். கோலியாத்தோடு சண்டைக்குப் போகுமுன் தாவீது சவுல் ராஜாவின் கவசத்தைப் போட்டுப் பார்த்து, இதில் எனக்குப் பழக்கமில்லை என்று கழற்றி வைத்துவிட்டான். ஓடையில் ஐந்து கூழாங்கல் பொறுக்கியது அதற்கப்புறம்தான்.

5. குறிப்பிட்டுக் கேளுங்கள்

இப்போதுதான் தொடர்ச்சியான ஜெபம். முதல் நாளிலிருந்தே ஜெபித்திருப்பீர்கள், சரி. ஆனால் என்ன கேட்பது என்பது இப்போதுதான் தெளிவாகியிருக்கும்.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்துகிடக்கிறது என்ற செய்தி கேட்டது கிஸ்லேயு மாதம். தான் வேலை பார்த்த பெர்சிய ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபம். ராஜா கேட்டபோது அவனிடம் பட்டியல் தயாராக இருந்தது: எவ்வளவு காலம், எந்த அதிபதிகளுக்குக் கடிதம், மரத்துக்காக, ராஜாவின் வனக் காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம். ஜெபித்த மாதங்களில் கணக்கும் போட்டிருக்கிறான்.

‘ஆண்டவரே, விபிஎஸ்ஸை ஆசீர்வதியும்’ என்று பொதுவாகக் கேட்பதில் தவறில்லை. பதில் வந்ததா என்று உங்களுக்குத்தான் தெரியாது. ‘பாட்டுக்கு ஒரு ஆள் தாரும், இந்த மாதக் கடைசிக்குள்’ என்று தேதியோடு எழுதுங்கள். கிடைத்தால் பக்கத்தில் குறியுங்கள். கிடைக்காவிட்டால் அதையும் மறைக்காமல் குறியுங்கள்.

கேட்டது கிடைக்காமலும் போகலாம். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். முள் எடுபடவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் வந்தது. ஆகவே மேடைப் பயம் போக ஜெபித்தும் பயம் போகவில்லை என்றால், விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வதை நம்பி நின்றுவிடாதீர்கள். பயத்தோடேயே போய்ச் செய்த ஊழியங்கள் எத்தனையோ.

6. தனியாகச் சுமக்காதீர்கள்

இந்தப் படிக்குள் கூட்டாளி ஒருவரை உறுதி செய்துவிடவேண்டும். வேலை தொடங்கின பிறகு தேடினால், கிடைப்பவர் உதவியாளராகத்தான் இருப்பார். உங்களைக் கேள்வி கேட்கிற கூட்டாளியாக இருக்கமாட்டார்.

யாத்திராகமம் 18இல் மோசேயின் மாமனார் எத்திரோ பார்த்தது, காலை முதல் சாயங்காலம் வரை மக்கள் வரிசையில் நிற்க, மருமகன் ஒருவனே உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதை. ‘நீர் ஒருவராய் அதைச் செய்ய உம்மாலே கூடாது’ என்று நேரே சொல்லிவிட்டார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்கள் ஏற்பட்டார்கள். செங்கடலைப் பிளந்த தேவனை அறிந்தவனுக்கும் வேலையைப் பங்கிட ஒரு மாமனார் வந்து சொல்லவேண்டியிருந்தது.

ஒரு ஜெபத்துணை, ஒரு வேலைத்துணை. இரண்டும் ஒரே ஆளாக இல்லாதிருப்பது நல்லது. ஜெபத்துணைக்கு என் தேர்வு எப்போதும் சபையிலுள்ள வயதான அம்மாக்கள்தான். அதிகம் வெளியே போக முடியாது, ஆனால் பெயர் சொல்லிக் கேட்டால் மறக்கவே மாட்டார்கள். அடுத்த வாரம் நம்மைப் பிடித்து நிறுத்தி, “அந்தப் பாட்டு வாத்தியார் கிடைச்சாரா?” என்று விசாரிப்பார்கள்.

7. முழு மூச்சாகத் தயாராகுங்கள்

‘என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள், அந்நேரத்தில் உங்களுக்கு அருளப்படும்’ என்ற மத்தேயு 10:19ஐக் காட்டி, தயாரிக்காமல் பிரசங்க பீடம் ஏறுகிறவர்கள் உண்டு. அந்த வசனம் சீஷர்களைப் பிடித்து ஆலோசனைச் சங்கங்களுக்கும் அதிபதிகளுக்கும் முன் நிறுத்தும் நேரத்துக்குச் சொல்லப்பட்டது. உங்களை யாரும் கைது செய்யவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் பெயர் போட்டாகிவிட்டது.

செய்தி கொடுப்பதென்றால், பகுதியை முதல் சில நாட்கள் விளக்கவுரை எதையும் தொடாமல் சத்தமாக வாசியுங்கள். காதில் விழும்போது, கண் தாண்டிப்போன வார்த்தை தட்டுப்படும். பிறகு புத்தகத்துக்குப் போங்கள். வேப்பேரி, பார்க் டவுன் பக்கமுள்ள கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் தமிழிலேயே கிடைக்கும். எழுதியதை வீட்டிலிருக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் அது ஜன்னல் பக்கம் திரும்புகிறதோ அந்த இடத்தை வெட்டுங்கள்.

விபிஎஸ் என்றால் மே மாதத்துச் சென்னையை மனதில் வையுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழே பதினொன்றரை மணிக்கு மேல் எந்தக் கதையும் எடுபடாது. ஓடியாடும் விளையாட்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். குடிநீர் கேனை முந்தின நாளே வாங்கி வையுங்கள். கரண்ட் போனால் மைக் இல்லாமல் நடத்துகிற மாதிரி ஒரு பகுதி கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் போன் எண், யார் வந்து அழைத்துப் போவார் என்ற விவரம், ஒவ்வாமை உண்டா என்பது பதிவேட்டில் இருக்கவேண்டும். எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தனியறையில் தனியாக இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள். ‘நம்ம சபைதானே’ என்று இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இவ்வளவு தயாரித்தால் தேவனை நம்பியது எங்கே என்று சிலர் கேட்பார்கள். நெகேமியா சில பேரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போய் இடிந்த அலங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு 52 நாளில் வேலை முடிந்தது. முடிந்ததைக் கேள்விப்பட்ட சத்துருக்களே, இது தேவனால் கைகூடிவந்தது என்று அறிந்துகொண்டார்கள். தயாரிப்பு தேவனுடைய பெயரை மறைக்கவில்லை.

8. அந்த நாள்

புதிதாக ஒன்றும் செய்யாதீர்கள். காலையில் குறிப்பை மாற்றி எழுதாதீர்கள். சாப்பிடுங்கள், உபவாசம் இருப்பதென்றால் முந்தின வாரம் இருங்கள். நாக்கு வறண்டு, கால் நடுங்க நின்றால் பார்ப்பவர்களுக்கும் பதறும்.

நீண்ட ஜெபத்துக்கு நேரமிருக்காது. ராஜா ‘நீ கேட்கிற காரியம் என்ன’ என்றதற்கும் நெகேமியா பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு ஜெபம் இருக்கிறது, 2:4இல். ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். பெயர் அழைத்ததற்கும் மைக்கைப் பிடிப்பதற்கும் நடுவில் அதற்கு இடமுண்டு.

ஆஸ்பத்திரி சந்திப்புக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனை வார்டுக்கு முதல்முறை போகும்போது, ஒரு அக்கா படியிலேயே நின்றுவிட்டார். “போய் என்ன பேசுறது?” கூட வந்த பெரியம்மா சொன்னார்: “பேசாதம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு. பேரைக் கேளு. சாப்பிட்டாங்களான்னு கேளு.” படுத்திருந்தவர் அன்று மகனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே, ஜெபம் பண்ணுங்க என்றார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களுக்குத் தொந்தரவில்லாமல், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், நான்கு வரி. இரைந்து ஜெபித்தால்தான் கேட்கப்படும் என்ற பழக்கத்தை வார்டு வாசலிலேயே விட்டுவிடவேண்டும். கேட்காத ஜெபத்தைத் திணிக்கவும் வேண்டாம்.

9. மறுநாள் எதையும் முடிவு செய்யாதீர்கள்

நன்றாக நடந்திருந்தாலும் திங்கட்கிழமை மனம் தொங்கிப்போகும். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்த எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே ‘போதும் கர்த்தாவே’ என்று படுத்துவிட்டான். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான்; தூங்க விட்டு மறுபடியும் கொடுத்தான்.

நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். ‘இனிமேல் இந்த வேலையே வேண்டாம்’ என்ற மெசேஜை அன்று அனுப்பாதீர்கள். எத்தனை பேர் கைகொடுத்தார்கள் என்று எண்ணாதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து நோட்டை எடுத்து, கேட்டதில் எது நடந்தது, ‘க’ வரிகளில் எது இன்னும் பாக்கி என்று மட்டும் பாருங்கள். ‘தே’ வரிகளுக்கு மதிப்பெண் போடும் வேலை உங்களுடையதில்லை.

10. எப்போது ஒப்படைப்பது

பொறுப்பை எடுக்கும்போதே காலக்கெடு பேசிவிடுங்கள்: ஒரு வருஷம், அல்லது இரண்டு விபிஎஸ். ஆராதனைக் கூடாரப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியருக்கே வரம்பு இருந்தது. எண்ணாகமம் 8இன் படி 25 வயதில் வேலைக்கு வரவேண்டும், 50 வயதில் விடவேண்டும். அதற்குமேல் சகோதரருக்கு ஒத்தாசையாகக் காவல் காக்கலாம், ஆசரிப்புக் கூடார வேலையைச் செய்யக்கூடாது.

இந்த வேலை இப்போது சுலபமாகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்தால், அடுத்த ஆளைத் தேடும் நேரம் வந்துவிட்டது. உங்களைவிடத் தயக்கம் அதிகமுள்ள ஒருவரைப் பாருங்கள். முதல் படியிலிருந்து அவரோடு உட்காருங்கள். ஒரு வருஷம் அவர் உங்களோடு செய்யட்டும், அடுத்த வருஷம் நீங்கள் அவரோடு. பிறகு கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பையும் மறக்காமல் மாற்றிக்கொடுத்துவிடுங்கள். நிறைய பேர் அதை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறார்கள்.